வேதாச்சலத்தின் சடை

பிள்ளைக்கு வேதாச்சலம் என்று பேர் வைக்கச் சொல்லிச் செங்கம்மா கேட்டது தொண்ணூற்று மூன்றாம் வருஷம், வெதுருகுப்பத்து எஸ்.டி.டி. பூத்துக்குள் நின்றபடி. கண்ணாடிக் கதவுக்கு வெளியே பதினோரு பேர் வரிசையில் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் குவைத்திலிருந்து போன் வரவேண்டியிருந்தது. தங்கச்சி செல்வி பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு வீட்டில் கிடந்ததால் அவளுக்குப் பதிலாகச் செங்கம்மா வந்திருந்தாள். அந்தப் பக்கம் செல்வியின் புருஷன் பழனி, நடுவில் ஒரு கடல் இருக்கிறது என்ற ஞாபகத்தில் தொண்டை கிழியக் கத்தினான்.

"எங்க நைனா பேர வெச்சிடு அண்ணி! வேதாச்சலம்!"

"பதினாறு நாள் புள்ளைக்கா? பேரே பல்லு போன மாரி கீதே!"

பழனியின் அப்பா வேதாச்சலம் செங்கம்மாவுக்கும் ஒரு வகையில் முறைதான். அவருடைய கடைசித் தங்கையைத்தான் செங்கம்மாவின் சின்னத் தாத்தா மகனுக்குக் கொடுத்திருந்தது. ஊரில் அவருக்கு நடை வேதாச்சலம் என்று பட்டப்பேர். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்தில் புத்தூருக்கே நடந்து போய்விடுவார் என்பார்கள். அந்தப் பேரா இந்தப் பிள்ளைக்கு வரவேண்டும் என்று அன்றைக்கு அவள் யோசிக்கவில்லை. யோசித்துப் பேசுகிற பழக்கம் அவளுக்கு எப்போதுமே கிடையாது.

"கொழந்த நல்லா அழுவுதா அண்ணி?"

"அழுவுது, அழுவுது. ராப்பகலா அழுவுது."

பொய் இல்லை. முதல் அழுகை எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. பின்னால் பதினோரு பேர் நிற்கிறார்களே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

நடந்தது இதுதான். செல்விக்கு விடியற்காலையிலேயே வலி கண்டுவிட்டது. எட்டு மணி பஸ்ஸில் சித்தூருக்குப் போய்விடலாம் என்றாள் செல்வி. செங்கம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஊர்ப் பிரசவம் எல்லாம் தன் கையில்தான் நடந்தது என்கிற தோரணையில், "மொதப் புள்ளடி. பொழுது சாஞ்சாதான் பொறக்கும். பன்னெண்டு மணி வண்டிக்குப் போலாம்" என்று சொல்லிவிட்டாள். அவள் தன் வயிற்றில் ஒன்றைக்கூடப் பெற்றவள் இல்லை. தங்கை அக்கா பேச்சைத் தட்டுகிறவளும் இல்லை. பன்னிரண்டு மணி பஸ்ஸில் போனார்கள்.

சித்தூர் ஆஸ்பத்திரியில் மூன்று மணிக்குப் பிள்ளை பிறந்தது. கழுத்தில் கொடி சுற்றி, நீலம் பாரித்து, சத்தமே இல்லாமல் பிறந்தது. கதவிடுக்கு வழியாகச் செங்கம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். நர்சு காலைத் தட்டினாள், முதுகைத் தேய்த்தாள், மூக்கில் குழாய் விட்டாள். வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் கேட்கும்படி செங்கம்மா திருமலை இருக்கிற திக்கைப் பார்த்துக் கையைத் தூக்கினாள்.

"வெங்கடேசா! ஒரு தபா இந்தப் புள்ள வாயத் தொறக்கட்டும். தன் காலாலயே உன் மலை ஏறி வந்து மொத முடிய உனக்குக் குடுப்பான்! அதுவரைக்கும் அவன் தலையில கத்தி படாது!"

உள்ளே பிள்ளை பூனைக்குட்டி போல ஒரு சத்தம் போட்டது.

நாலு பேர் எப்படி வேண்டிக்கொள்வார்கள்? நான் ஏறி வருகிறேன் சாமி என்பார்கள். செங்கம்மா அப்படிச் சொல்லவில்லை. அதற்கு முந்தின வருஷம்தான் மலையடிவாரத்து அலிபிரியில் ஏறப் போய், நூறு படியில் முட்டி பிடித்துக்கொண்டு, கீழே இறங்கி பஸ் பிடித்தவள் அவள். பிள்ளைக்கு மூச்சு வருமா வராதா என்று உயிர் துடிக்கிற அந்த நேரத்திலும் தன் முட்டியை மட்டும் பத்திரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, பிறந்து ஐந்து நிமிஷம் ஆன பிள்ளையின் தலையில் மூவாயிரத்து ஐந்நூறு படியைக் கட்டிவிட்டாள்.

அவள் புருஷன் துலுக்காணம் கரும்பு வெட்டுகிற ஆள். அதிகம் பேசமாட்டான். விஷயம் கேட்டதும் பீடியை வாயிலிருந்து எடுத்தான்.

"நீ வேண்டிக்கினு அவன் ஏறணுமா? நாளைக்கு நீ துன்னா அவன் கை கழுவுவானா?"

பிள்ளைக்கு எட்டு மாதத்தில் தலை நிற்கவில்லை. ஒன்றரை வயதில் உட்காரவில்லை. கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. குதிகால் தரையில் படவே இல்லை. வலக்கை மூடினது மூடினபடி கிடந்தது. செங்கம்மா இது எலும்பு வியாதி என்று தீர்மானித்தாள். அந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் கால் கோணலாக இருந்தால் வேறு யோசனையே வராது, புத்தூருக்குத்தான் பஸ் ஏறுவார்கள். கட்டுப் போடுகிற பெரியவர் பிள்ளையின் காலை மெதுவாக நீவிப் பார்த்தார். கணுவைத் தொட்டார், இடுப்பைத் தொட்டார். பிறகு பிள்ளையை விட்டுவிட்டுச் செங்கம்மாவைப் பார்த்தார்.

"பொறந்ததும் அழுதாம்மா?"

செங்கம்மா பிள்ளையின் சட்டையைக் கீழே இழுத்து விட்டாள்.

"எலும்பு கல்லு மாரி கீது. இதுல நான் கட்ட ஒண்ணும் இல்ல. திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போ."

திருப்பதியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற சுஜிதாவிடம் அனுப்பினார்கள். சித்தூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண், சின்ன வயசு. பிள்ளையைப் பாயில் போட்டு, காலை விரித்து, முழங்காலை மடக்கி எல்லாம் காட்டிக்கொடுத்தாள். பிறக்கும்போது மூளைக்குக் காற்று போதவில்லை என்று அவள்தான் புரியும்படி சொன்னாள்.

"மூளையில பட்ட அடி இனிமே பெருசாவாதுக்கா. கொறையவும் கொறையாது. ஆனா புள்ள வளரும். அவன் கையும் காலும் எந்தப் பக்கம் வளரணும்னு நாம தெனமும் சொல்லிக்கினே இருக்கணும்."

செங்கம்மா செல்வியை வெளியே அனுப்பிவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள். "எட்டு மணி பஸ்ஸுக்கு வந்திருந்தா இப்படி ஆயிருக்காதாம்மா?"

சுஜிதா பாயைச் சுருட்டி வைத்தாள். "அத யாராலயும் சொல்ல முடியாதுக்கா" என்றாள்.

சொல்ல முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால்கூடச் செங்கம்மாவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

பிள்ளைக்கு மூன்று வயதில் முடி கண்ணில் விழுகிறது என்று செல்வி நெற்றி மயிரை மட்டும் இரண்டு விரல் அளவு வெட்டிவிட்டாள். அதே வாரம் காய்ச்சல் வந்து, வலிப்பும் வந்தது. காய்ச்சலுக்கு வந்தது என்று டாக்டர் சொன்னார், மாத்திரை கொடுத்தார். செங்கம்மா காதில் அது ஏறவில்லை. வாக்குக்காக வந்த மூச்சு, வாக்குத் தவறினால் போய்விடும். அன்றோடு வீட்டிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துக் கூரையில் சொருகினாள். அதன் பிறகு செல்விக்கே அந்தத் தலையைத் தொடப் பயம்.

பிள்ளைக்கு ஐந்து வயதானபோது செல்வியும் குவைத்துக்குப் போனாள், ஒரு வீட்டில் சமையல் வேலைக்கு. அந்த வருஷங்களில் தெருவில் பாதி வீடு அப்படித்தான் காலியானது. ஆண்கள் பெங்களூரு, பெண்கள் குவைத்து. வேதாச்சலம் பெரிம்மா வீட்டுப் பிள்ளையானான்.

கால் நிமிரட்டும் என்று தோட்டத்தில் இடுப்பளவு குழி தோண்டி, மணலைப் போட்டு, தினம் ஒரு மணி நேரம் அவனை அதில் நிற்க வைத்தாள். துலுக்காணம் வந்து பார்த்தான்.

"நாத்து நட்டுட்ட. தண்ணி ஊத்து."

மணலுக்குள் நின்ற வேதாச்சலம் வாயில் எச்சில் வடியச் சிரித்தான். அவனுக்கு எல்லாம் புரிகிறது என்று செங்கம்மாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பேச்சுதான் சரியாக வரவில்லை. நாலு வயசுக்கு மேல் வந்த பேச்சும் நாக்கில் சிக்கிச் சிக்கி வந்தது. வேறு யாருக்கும் புரியாது. செங்கம்மாதான் இடையில் நின்று சொல்லுவாள். அதில் தனக்குச் சாதகமாகச் சிலதைத் திருப்பிக்கொள்வாள். களி வேண்டாம் என்று அவன் சொன்னால், "இன்னும் கேக்கிறான் பாரு" என்று இன்னொரு உருண்டை போடுவாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது ஹெட்மாஸ்டர் நாகபூஷணத்தைப் பார்த்து அவன் ஏதோ சொன்னான்.

"வணக்கம் சொல்றான் சார்" என்றாள் செங்கம்மா.

நாகபூஷணம் குனிந்து காதைக் கொடுத்தார். இன்னொரு தரம் கேட்டார். பிறகு தன் சட்டையைப் பார்த்து, பொத்தானைக் கழற்றிச் சரியான ஓட்டையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு செங்கம்மாவின் மொழிபெயர்ப்பை ஊரில் யாரும் நம்பவில்லை.

ஆறு வயதில் சுவரைப் பிடித்து நடந்தான். ஏழு வயதில் பிடிக்காமல் நடந்தான். முழங்கால் மடங்கி, நுனிக்கால் ஊன்றி, ஒவ்வொரு அடிக்கும் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து நிமிரும். வீட்டுக்குள் அவசரமென்றால் தவழ்ந்துதான் போவான். தவழ்வதில் அவனை யாரும் முந்த முடியாது.

முடியும் வளர்ந்தது. செங்கம்மாவின் தலை வழுக்கை விழ விழ, அவன் தலையில் அடர்த்தியாக இடுப்பு வரைக்கும் வளர்ந்தது. தினம் எண்ணெய் தடவி, பேன் பார்த்து, இறுக்கிச் சடை போட்டாள். பஸ்ஸில் பெண் பிள்ளை என்று நினைத்து, கண்டக்டர் பெண்கள் சீட்டில் இருக்கிற ஆளை எழுப்பி அவனுக்கு இடம் கொடுப்பார்.

"சட இருக்கிற வரைக்கும் சீட்டு இருக்கு பெரிம்மா" என்பான் அவன்.

எட்டு வயதில் ஒரு தரம் மலைக்குக் கூட்டிப்போனாள். நூற்று நாற்பதாவது படியில் அவன் கால் பின்னிக்கொண்டு விழுந்து, முழங்கை கிழிந்தது. வந்தது வந்தோம் என்று பஸ்ஸில் மேலே போனார்கள். முடி எடுக்கும் இடத்தில் அம்பட்டர் கத்தியோடு தயாராக இருந்தார். இவன் ஏறி வரவில்லை, எடுக்காதே என்றாள் செங்கம்மா.

"ஏம்மா, நடிச்சி ஒச்சினா, பஸ்ஸுலோ ஒச்சினா, ஜுட்டு ஜுட்டே கதா?" என்றார் அவர். நடந்து வந்தாலும் பஸ்ஸில் வந்தாலும் முடி முடிதானே?

செங்கம்மா கேட்கவில்லை. திருமலைக்குப் போய், முடியோடு திரும்பி வந்த ஒரே பிள்ளை இவன்தான் என்று துலுக்காணம் ஊரெல்லாம் சொல்லிவைத்தான்.

இரண்டாயிரத்து நாலில் அவன் அஞ்சாவது முடித்தான். திருப்பதியில் ஹாஸ்டலோடு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, தினமும் பயிற்சிக்கும் வரலாம் என்று சுஜிதா ஏற்பாடு செய்தாள். வெதுருகுப்பத்தில் இனி அவனுக்குக் கிடைக்க ஒன்றும் இல்லை. நாகபூஷணமே அப்படிச் சொன்னார். வார்டன் பையனைப் பார்த்தார், சடையைப் பார்த்தார். ஆண் பிள்ளைகள் ஹாஸ்டலில் சடையோடு சேர்க்க முடியாது, ஜூன் பன்னிரண்டுக்குள் முடி எடுத்துக்கொண்டு வாருங்கள், இல்லையென்றால் சீட்டு வேறு பிள்ளைக்குப் போகும் என்றார்.

கத்தி பட்டால் பிள்ளை போய்விடும். படாவிட்டால் படிப்பு போய்விடும். செங்கம்மா இரண்டு நாள் சோறு தின்னவில்லை. மூன்றாம் நாள் வேதாச்சலமே சொன்னான்.

"ஏறலாம் பெரிம்மா. நீயும் வா. பஸ்ஸுல வரக் கூடாது."

சுஜிதா அவன் காலைத் தொட்டுப் பார்த்து, இரண்டு நாளாக ஏறுங்கள், மாத்திரையை வேளைக்குக் கொடுங்கள், முடியாதென்றால் இறங்கிவிடுங்கள் என்றாள். மே மாதக் கடைசியில், வெயில் ஏறுமுன் அலிபிரியில் தொடங்கினார்கள். துலுக்காணம் பையைத் தூக்கிக்கொண்டான். வேதாச்சலம் ஓரத்துக் கம்பியை இடது கையால் பிடித்து, ஒரு படி, நிற்பு, ஒரு படி, நிற்பு என்று ஏறினான். முன்னால் ஒரு பெண் படிக்குப் படி மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டே போனாள். அவள் வைத்த பொட்டிலெல்லாம் இவன் விழுந்தான். பத்து மணிக்குள் உள்ளங்கை, முழங்கால், சட்டை எல்லாம் மஞ்சளும் சிவப்பும்.

நூறாவது படியில் செங்கம்மாவின் முட்டி பழைய ஞாபகத்தில் பிடித்துக்கொண்டது. அன்று மட்டும் அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

பாதி மலைக்கு மேல் நிற்கிற காலி கோபுரத்துக்கு வர மத்தியானம் தாண்டிவிட்டது. துலுக்காணம் தண்ணீர் பிடிக்கப் போனான். செங்கம்மா பிள்ளையின் காலை மடியில் போட்டு நீவினாள். கீழே திருப்பதி தீப்பெட்டி தீப்பெட்டியாகத் தெரிந்தது. பதினோரு வருஷமாக நெஞ்சில் கிடந்தது தானாக வாய்க்கு வந்தது.

"வேதா, நீ பொறந்த அன்னிக்கு எட்டு மணி பஸ் இருந்துச்சி. நான்தான் வேணாம்னேன். சித்தூருக்குப் போறமேன்னு எனக்கு ஒரு புது ரவிக்க தெக்கக் குடுத்திருந்தேன். தையக்காரன் பத்து மணிக்குத்தான் கடை தொறப்பான். அதுக்கோசரம்தான்…"

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"பெரிப்பா சொல்லிச்சி. எனக்கு ஏழு வயசுல."

செங்கம்மா தண்ணீர்க் குழாய்ப் பக்கம் பார்த்தாள். துலுக்காணம் முதுகைக் காட்டிக்கொண்டு ரொம்ப நேரமாக ஒரே பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தான். அவனும் பதினோரு வருஷமாக அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"அந்த ரவிக்க இன்னா கலரு?" என்றான் வேதாச்சலம்.

"மஞ்ச."

"நல்லா இருந்துச்சா?"

"எங்க? கை புடிச்சிக்கிச்சி. ஒரு தபாதான் போட்டேன்."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்தால் அவன் உடம்பு முழுக்க விறைத்துக்கொள்ளும், கால் உதறும். அவன் கால் உதைத்ததில் மடியிலிருந்த புளியோதரைப் பொட்டலம் நாலு படி கீழே போய் விழுந்தது. செங்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதைப் பொறுக்க இறங்கினாள்.

மறுநாள் சாயங்காலம் மோகாளி மெட்டு என்கிற ஏற்றத்துக்கு வந்தார்கள். அங்கேதான் படி செங்குத்தாக நிமிர்கிறது. வேதாச்சலத்தின் கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. செங்கம்மா மனசுக்குள் தோற்றுவிட்டாள். இறங்கலாம் என்று வாயெடுத்தபோது அவன் முன்னால் கையைக் காட்டினான்.

"பெரிம்மா, இவங்கல்லாம் ஏன் தவழ்றாங்க?"

மெட்டு முழுக்க ஜனங்கள் முட்டி போட்டு ஏறிக்கொண்டிருந்தார்கள். சாமி மலையைக் காலால் மிதிக்கக் கூடாது என்று அந்த இடத்தில் அப்படி ஒரு வழக்கம்.

"இங்க முட்டி போட்டு ஏறனா விசேசம்டா."

"இத மொதல்லியே சொல்ல மாட்டியா!"

அப்படியே முன்னால் சாய்ந்து, கையை ஊன்றி, கிளம்பிவிட்டான். ஆறு வயது வரைக்கும் அவன் ஊரையே அளந்தது அப்படித்தானே. வழக்கத்துக்காக முட்டி போட்டவர்கள் ஐயோ அப்பா என்று படிக்குப் படி உட்கார்ந்தார்கள். இவன் சடை ஆட ஆட அவர்களுக்கு நடுவில் புகுந்து போனான். தடித்த ஆள் ஒருவர் மூச்சு வாங்கக் கேட்டார்.

"எப்புடு நேர்ச்சுக்குன்னாவு பாபூ?"

எப்போது கற்றுக்கொண்டாய் என்கிறார். "சின்னப்பட்னுஞ்சி!" என்றான் அவன். சின்ன வயசிலிருந்தே. அந்த ஆளுக்கு அது நன்றாகப் புரிந்தது.

செங்கம்மாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "தன் காலாலன்னு சொன்னனே. முட்டி கணக்குல வருமா?"

"முட்டி இன்னா வாடகைக்கு எடுத்ததா? அதுவும் அவன் காலுதான்" என்றான் துலுக்காணம். "நீ மொதல்ல உன்னுத நகத்து."

கடைசி ஐம்பது படி இருக்கும்போது செங்கம்மா உட்கார்ந்துவிட்டாள். மேலே வேதாச்சலம் படி விளிம்பில் உட்கார்ந்து, சடையை முன்னால் போட்டுக்கொண்டு கத்தினான்.

"பெரிம்மா! வாக்கு குடுத்தது நீ! ஏறி வா!"

அவளும் முட்டி போட்டுத்தான் போய்ச் சேர்ந்தாள்.

டோக்கனும் அரை பிளேடும் வாங்கிக்கொண்டு போய் உட்கார வைத்தபோது, "ஆடபில்லனா, மகபில்லவாடா?" என்று அம்பட்டர் கேட்டார். பெண்ணா, பிள்ளையா? "மகபில்லவாடு" என்று வேதாச்சலமே சொன்னான். ஐந்து நிமிஷத்தில் பதினோரு வருஷத்துச் சடை தரையில் கிடந்தது. செங்கம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு அவன் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தாள். மூச்சு வந்துகொண்டேதான் இருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் கண்டக்டர் அவனுக்காக யாரையும் எழுப்பவில்லை.

"போச்சா சீட்டு?" என்றாள்.

"போச்சி" என்றான், கம்பியில் தொங்கிக்கொண்டு.

மறுநாள் காலையில், இவ்வளவு ஏறினோமே, சாமி ஏதாவது செய்திருப்பாரே என்று அவள் அவன் எழுந்து வருவதைக் குனிந்து பார்த்தாள். குதிகால் தரையில் படவில்லை. எப்போதும் போல நுனிக்காலில்தான் வந்தான். வாக்கு கொடுத்தபோது குதிகாலைச் சேர்த்துச் சொல்லாமல் விட்டது தன் தப்புதான் என்று அவள் இன்றும் சொல்வாள்.

ஜூன் மாதம் ஹாஸ்டலில் சேர்ந்தான். பதினாலு வயதில் கணுக்காலில் ஓர் ஆபரேஷன் நடந்தது. இடது கையாலேயே பரீட்சை எழுதி, எழுத நேரம் போதாமல் பன்னிரண்டாம் வகுப்பான இன்டரில் ஒரு தரம் தவறி, மறு தரம் தேறினான். செல்வி இரண்டாயிரத்து ஒன்பதில் குவைத்திலிருந்து திரும்பி வந்தாள். அவள் வந்தபோது அவன் பேச்சு அவளுக்குப் புரியவில்லை. செங்கம்மா கொஞ்ச நாள் நடுவில் நின்று சொன்னாள். இந்தத் தடவை ஒன்றையும் மாற்றாமல் சொன்னாள். பழனி இப்போது தடாப் பக்கம் ஒரு கம்பெனி கேட்டில் காவல் இருக்கிறான். துலுக்காணம் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது.

வேதாச்சலத்துக்கு முப்பது தாண்டிவிட்டது. திருப்பதியில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துச் சந்தில் செல்வியோடு வாடகை வீட்டில் இருக்கிறான். மூன்று சக்கர ஸ்கூட்டரில் போய், ஒரு மீசேவா கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஜனங்களுக்குப் பிறப்புச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் எடுத்துக் கொடுக்கிறான். மாதம் ஒரு தரம் முடி வெட்டிக்கொள்கிறான்.